ஈயத்திலிருந்து திரைக்கு

எங்கள் அச்சகத்துப் பெரியவர் சிறுவயதில் ஈய எழுத்துக் கோக்க வந்தவர். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபின், பழைய வடிவ 'லை', 'னை', 'றா' அச்சுகள் மெல்ல உருக்கப் போயின. அப்புறமும் விரல் எழுத்துப் பெட்டியில் அவை இருந்த பழைய அறையைத்தான் துழாவுமாம். பிறகு கணினி வந்து ஈயத்தையே ஒழித்தது. இன்று திரையில் மெய்ப்புப் பார்க்கிறார், அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துகிறார்.

நேற்று ஒரு திருமண அழைப்பிதழில் விடுபட்டிருந்த 'ப்' ஒன்றைப் பிடித்துவிட்டு, "இதற்குத்தான் தம்பி எனக்குச் சம்பளம்" என்றார். முகத்தில் அப்படியொரு பெருமிதம்! மாற்றத்தை ஏற்கச் சொல்லி வகுப்பெடுக்கும் ஆலோசகர்கள் இவரிடம் கொஞ்சநாள் உட்காரலாம்.

மெய்ப்புக்கும் செயலி வந்துவிட்டது என்றேன். "வரட்டும், அதன் பிழையையும் யாராவது திருத்த வேண்டுமே" என்கிறார். பயமெல்லாம் எனக்குத்தான்.