ஜிப்சமும் வளர்கிறது, சிப்பியும் வளர்கிறது

உயிருள்ளவை வளரும், சுவாசிக்கும், இனம் பெருக்கும், தூண்டலுக்கு எதிர்வினை காட்டும். இந்தப் பட்டியலைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். பெரம்பலூர் பக்கம் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் எனக்கு, இதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது என்றே தோன்றுகிறது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. 1860களிலேயே பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் இந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து எழுதிவிட்டார்.

எங்கள் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போனால் மரம் மட்டை இல்லாத, மழை அரித்த களிமண் மேடுகள்தான். வெயிலில் நடந்தால் காலடியில் பளபளவென்று மின்னும். அது ஜிப்சம் என்ற கனிமம். களிமண் வெடிப்புகளில் உப்பு நீர் இறங்கிப் படிந்து, வெள்ளை நார் நாராக நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், இதுவும் வளர்ந்துதானே வந்திருக்கு? அப்போ இதுக்கு ஏன் உயிர் இல்லைங்கிறோம்?"

அருமையான கேள்வி. பாடப்புத்தகப் பட்டியலை வைத்து அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. வளர்ச்சி மட்டும்தான் கணக்கு என்றால் ஜிப்சமும் தேர்வாகிவிடும்.

பதில் எங்கள் ஆய்வக மேசையில் இருந்தது. அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் அடுக்கைச் சேர்ந்த, கல்லாகிப்போன கிரிஃபியா சிப்பி, வயது சுமார் 7 கோடி ஆண்டுகள். உள்ளங்கையில் வைத்தால் நல்ல கனம். மேல் ஓட்டில் வரி வரியாக வளர்ச்சிக் கோடுகள். ஓர் இடத்தில் மட்டும் கோடு உள்பக்கமாக மடங்கி நெளிகிறது. சிப்பி உயிரோடு இருந்தபோது அங்கே விளிம்பு உடைந்திருக்கிறது. அடுத்த கோடு அந்தப் பள்ளத்தை ஒட்டியே போகிறது, அதற்கடுத்தது கொஞ்சம் நிமிர்கிறது, நாலைந்து கோடுகள் தாண்டியதும் பழையபடி வளைவு சரியாகிவிடுகிறது. உடைந்ததைச் சரிசெய்துகொண்டு பழைய வடிவத்துக்கே திரும்பியிருக்கிறது. ஓட்டின் முதுகில் குட்டிக் குட்டித் துளைகள் வேறு. கடற்பஞ்சுகள் குடைந்து குடியிருந்த வீடுகள் அவை. ஜிப்சம் வெளியிலிருந்து படியும், அவ்வளவுதான். இந்தச் சிப்பியோ தின்று, செரித்து, தன் உடம்பாலேயே ஓட்டைக் கட்டிக்கொண்டது. அந்தப் பெண் நெளிந்த கோட்டின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

காரையிலேயே கிடைக்கும் அம்மோனைட்டும் இப்படித்தான். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரி, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் சுவர் எழுப்பி அறை அறையாக அடைத்துக்கொண்டே போகும். காலியான அறைகளில் வாயு நிரம்பும், அதனால்தான் கடலில் மூழ்காமல் மிதக்க முடிந்தது. ஒரு சுருளைக் குறுக்கே அறுத்தால், குஞ்சாக இருந்த காலத்திலிருந்து அதன் வாழ்க்கை வரிசையாகத் தெரியும்.

2020இல் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் திரண்டு உருண்டையான கற்கள் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. மேலே உயிரில்லாத வளர்ச்சி, நடுவில் உயிர் வளர்ந்த தடயம். இரண்டும் ஒரே கல்லில் கிடைப்பது முட்டையைவிடக் குறைந்த விஷயமா என்ன?

சாத்தனூர் கல்மரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 18 மீட்டர் நீளம், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 12 கோடி ஆண்டு என்று பலகை சொல்லும். பூக்கும் தாவரங்கள் பரவுவதற்கு முந்தைய ஊசியிலை மரம். கம்பிவேலிக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அப்படியே காரைக்கும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். அப்புறம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் இந்தச் சிப்பிகள் சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து அரைபட்டு சிமெண்ட் ஆகின்றன. சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரைப்பதற்கு முன் நல்ல சிப்பிகளாகப் பொறுக்கி, அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுக்கலாம். செலவு என்று பார்த்தால் வண்டி வாடகைதான். சுரங்கத்தில் வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால் மேலதிகாரி காதில் போட்டுவையுங்கள்.