கோட்டைக்குள் ஒரு சின்னக் கல்யாணம்

வெளிநாட்டில் ஒரு பழைய கோட்டையிலோ மாளிகையிலோ நெருங்கியவர்களை மட்டும் வைத்துக் கல்யாணம் செய்ய ஆசையா? முதலில் படங்களைப் பார்க்காதீர்கள், அந்த நாட்டின் திருமணச் சட்டத்தைப் பாருங்கள். பிரான்ஸில் எவ்வளவு அழகான அரண்மனையைப் பிடித்தாலும் சட்டப்படியான திருமணம் நகராட்சி அலுவலகத்தில்தான், அதற்கும் மணமக்களில் ஒருவருக்கோ பெற்றோருக்கோ அந்த ஊரில் வசிப்பிடத் தொடர்பு வேண்டும். அதனால் பலர் சொந்த நாட்டில் பதிவு செய்துவிட்டு அங்கே சடங்கை மட்டும் நடத்துகிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

எங்களுக்குச் சட்டப்படியான கையெழுத்தும் கோட்டையிலேயே போட வேண்டும் என்பதால் ஸ்காட்லாந்து பக்கம் திரும்பினோம். இருவரும் தனித்தனியாக எம்10 என்ற திருமண அறிவிப்புப் படிவம் தர வேண்டும், அது திருமணத்துக்குக் குறைந்தது 29 நாள் முன்பே பதிவாளர் கையில் இருக்க வேண்டும், அப்புறம் 16 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள். எடின்பரோ கோட்டையில் உள்ள புனித மார்கரெட் சிற்றாலயம் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம், அவ்வளவு சின்னது, யாரை அழைப்பது என்ற சண்டையே வராது!

ஆனால் அது குன்றின் உச்சியில் இருக்கிறது. வயதானவர்கள் மேலே எப்படி வருவார்கள், மெழுகுவத்தி ஏற்றலாமா, பார்வையாளர்கள் இருக்கும் நேரமா என்பதையெல்லாம் முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.