கேக் தட்டும் சீனாப் பரணியும்: பெட்டி கட்டிய நாட்கள்

ஏப்ரல் 6, 2025, கொழிஞ்சாம்பாறை

அடுப்படியில் இருந்ததையெல்லாம் காலையில் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) கொண்டுவந்து பரப்பினேன். எட்டு வருஷமாக வீட்டிலிருந்தே கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்றதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. 27ஆம் தேதி நெடும்பாசேரியில் மெல்பர்னுக்கு விமானம். பெட்டியில் 30 கிலோ, கையில் 7 கிலோ. கம்பளி, துணிமணி, மருந்து எல்லாம் போகச் சமையல் சாமானுக்கு 8 கிலோ ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் கண்ணாடி ஜாடிகள். ஒரு லிட்டர் ஜாடி ஒன்றைத் தராசில் வைத்தேன், மூடியோடு 620 கிராம். என்னிடம் பன்னிரண்டு இருக்கின்றன. கிட்டத்தட்ட ஏழரைக் கிலோ! இங்கே அவை இல்லாமல் முடியாது. ஆடி மாதம் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது, காலையில் சுட்ட பிஸ்கட் மாலைக்குள் நமுத்துவிடும். "டப்பாவெல்லாம் தூக்கிட்டு வராத, இங்க எந்தக் கடையிலயும் கிடைக்குது" என்று வீட்டுக்காரர் மெல்பர்னிலிருந்து சொல்லிவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து நங்கை வரும்போது ஜாடிகளை எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஏப்ரல் 8

அவர் வாடகைக்குப் பிடித்திருக்கும் வீடு டார்னீட் பக்கம். புது வீடு, கேஸ் இணைப்பே கிடையாது, இண்டக்ஷன் அடுப்புதான். விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி வாங்கிக் கட்டும் புது வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு தருவதில்லையாம்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திரம் பாத்திரமாக வைத்துப் பார்த்தேன். காந்தம் ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சூடேறும். அலுமினியச் சட்டி எதிலும் ஒட்டவில்லை. எவர்சில்வரில் ஒன்று ஒட்டுகிறது, அதே கடையில் வாங்கிய இன்னொன்று ஒட்டவில்லை. இரும்புத் தோசைக்கல்லில் டப்பென்று ஒட்டியது. ஆனால் கல் மட்டும் 2 கிலோ 300. பத்து வருஷம் எண்ணெய் குடித்துக் கறுத்த கல். யோசித்து, அது வருகிறது என்று முடிவு செய்துவிட்டேன். அந்தப் பதத்துக்கு ஒரு புதுக் கல்லைப் பழக்க எனக்கு ஒரு வருஷமாவது ஆகும்.

குக்கரும் வருகிறது. அடி இண்டக்ஷனுக்கு ஏற்றது, உள்ளே சாமான் வைக்கவும் இடம் இருக்கிறது. கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு உபரியாக வாங்கினேன்.

ஏப்ரல் 11

இன்று முழுக்க ஒரே வேலைதான். என்னுடைய செய்முறை எல்லாம் ஒரு எவர்சில்வர் டம்ளர் கணக்கு. மைதா ரெண்டு டம்ளர், கருப்பட்டி ஒண்ணேகால், தேங்காய்ப்பால் முக்கால் என்று நோட்டில் எழுதியிருக்கும். அந்த டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் ஊற்றி நிறுத்தேன்: 212 கிராம். அப்படியென்றால் 212 மில்லி.

ஆஸ்திரேலியாவில் ஒரு கப் 250 மில்லி. அது பரவாயில்லை, பெரிதென்று பார்த்தாலே தெரியும். ஏமாற்றுவது டேபிள் ஸ்பூன்தான். நம் கையில் இருப்பது 15 மில்லி, அங்கே 20. டீஸ்பூன் மட்டும் இரண்டு இடத்திலும் 5. அங்கே வாங்கிய டேபிள் ஸ்பூனால் இந்த நோட்டைப் பார்த்து பேக்கிங் பவுடர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், கேக் பொங்கி நடுவில் உட்கார்ந்துவிடும். ஸ்பூன் செட் 60 கிராம்கூட இல்லை. அதைத்தான் பெட்டியில் முதல் சாமானாக வைத்தேன்.

பிறகு மைதா. டம்ளரால் நேராக வாரி எடுத்தால் 131 கிராம். சலித்து, ஸ்பூனால் மெல்லப் போட்டு, கத்தியால் மேலே வழித்தால் 108. வாரிவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் 140. ஒரே டம்ளர், ஒரே மைதா! நான் எப்போதும் எப்படி எடுக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தைதான், "நீ வாரி எடுத்துட்டு வெரல்ல ஒரு தடவ வழிப்ப அம்மிணி, நான் பாத்திருக்கறனே" என்றார். அப்படியே ஐந்து முறை எடுத்து நிறுத்தேன். 129க்கும் 133க்கும் நடுவில் நின்றது. 131 என்று எழுதிக்கொண்டேன்.

கருப்பட்டி, ராகி மாவு, தேங்காய்த் துருவல், நெய் என்று இருட்டும்வரை நிறுத்து, இருபத்திரண்டு செய்முறையையும் கிராமுக்கு மாற்றினேன். தராசும் வருகிறது.

அங்கே செல்ஃப் ரெய்சிங் ஃப்ளவர் என்று ஒரு மாவு உண்டு, அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். நோட்டில் மைதா என்று இருக்கும் இடத்துக்குப் பிளெயின் ஃப்ளவர்தான் வாங்க வேண்டும். இதையும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

ஏப்ரல் 14

விஷு, சித்திரைக்கனி. உருளியில் கொன்றைப்பூ, வெள்ளரி, மாங்காய், கண்ணாடி வைத்துக் கனி கண்டோம். உருளி நாலு கிலோ, அது இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 17

கேக் தட்டுகளைப் பிரித்தேன். அலுமினியம், 6, 7, 8 அங்குலம், ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். மூன்றும் சேர்ந்தே அரைக் கிலோதான். அங்கே கிடைக்காதா என்றால் கிடைக்கும். ஆனால் என் கணக்கெல்லாம் 7 அங்குலத்துக்கு. ஏழேழு 49, எட்டெட்டு 64. அதே மாவை 8 அங்குலத் தட்டில் ஊற்றினால் மெலிந்து காய்ந்துவிடும். எல்லாவற்றையும் 1.3 மடங்காக்க வேண்டும், அப்போது முட்டை முழுசாக வராது. இடம் புதிது, ஓவன் புதிது. தட்டாவது பழகினதாக இருக்கட்டும். அந்த ஓவனில் விசிறி வேறு ஓடுமாம், 180 டிகிரி என்று எழுதியதை 160க்கு வைக்க வேண்டும்.

இங்கே நான் கேக் சுடும் சின்ன மின்சார ஓவனான ஓடிஜியின் டிரேயும் கம்பியும் இங்கேயே. அந்த ஓவன் கம்பித்தட்டுக்கு இவை பொருந்தாது. கை பீட்டர் வருகிறது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

தேங்காய்த்தொட்டிக் கரண்டி மூன்று எடுத்து வைத்திருந்தேன், அப்புச்சி செதுக்கிக் கொடுத்தவை. மரம், மூங்கில், விதை, செடியில் செய்தது எதுவானாலும் அங்கே இறங்கும்போது பயணி அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். பூச்சித் துளை இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டில் காம்பில் ஊசித் துளை. சுத்தமாக இருந்த ஒன்றை மட்டும் கழுவிக் காயவைத்தேன். எழுதிக் காட்டித்தான் கொண்டுபோவேன்.

இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழியும் மூன்றுகால் மரத்தைத் தொடவே இல்லை. பித்தளைச் சேவைநாழி போதும்.

ஏப்ரல் 22

சீனாப் பரணி, அதாவது பீங்கான் ஜாடி. அம்மிச்சி வீட்டிலிருந்து வந்தது, மேலே பழுப்பு, கீழே வெள்ளை. புரட்டாசியில் திராட்சையும் முந்திரியும் ரம்மில் ஊறப்போட்டு மார்கழி கேக்குக்கு எடுப்பேன். காலியாக 3 கிலோ 100. நாலு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். இன்று மத்தியானம் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தும் பார்த்தேன். தோசைக்கல், குக்கர் இரண்டில் ஒன்றை எடுத்தால்தான் கணக்கு வருகிறது. போகிற வழியில் விரிசல் விட்டால் யாருக்கும் உதவாமல் போகும். எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அழுதுவிட்டேன்.

"ஆடி முடிஞ்சதும் நானே நார்த்தங்கா போட்டு வெக்கறேன், நீ லீவுக்கு வரும்போது எடுத்துக்க" என்றார் அத்தை.

அதன் இடத்தில் வாயகன்ற எவர்சில்வர் சம்புடம் இரண்டு போகின்றன. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஜூன், ஜூலையில் அங்கே குளிர்காலம், பாட்டிலில் ஊற்றினால் எடுக்கவே முடியாது. சம்புடமென்றால் கரண்டியால் வழித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 25

சமையல் சாமான் மொத்தம் 7 கிலோ 850. குக்கருக்குள் சேவைநாழி, சம்புடத்துக்குள் ஸ்பூன்கள், கேக் தட்டுக்குள் தராசு, இடுக்கிலெல்லாம் காலுறை.

ஓடிஜி நாளைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு கருப்பட்டி கேக், டம்ளரைத் தொடாமல், கிராம் கணக்கில் மட்டும். நாற்பது நிமிஷத்தில் குச்சி சுத்தமாக வந்தது. அத்தை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "எப்பவும் போலத்தான் இருக்குது" என்றார்.

டம்ளரைக் கழுவி அலமாரியிலேயே கவிழ்த்து வைத்தேன். அத்தைக்குத் தராசு பழக்கமில்லை, ராகி பிஸ்கட் போட அது வேண்டும்.