தேவசகாயம் பாதை: வேன்கள் விட்டுவிடும் ஒரு நிறுத்தம்

திருவிதாங்கூரில் கிறிஸ்தவராக மாறி, அதற்காகக் கொல்லப்பட்டவர் புனித தேவசகாயம். அவர் பிறந்த, வதைபட்ட, உயிர்விட்ட இடங்களை ஒரே நாளில் சுற்றிவிட வேன் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நாகர்கோவிலில் தொடங்குகிறார்கள். ஊருக்குள்ளேயே கோட்டாறு சவேரியார் பேராலயம் இருக்கிறது, வசதிதான். ஆனால் அங்கே இருப்பது அவருடைய கல்லறை. கல்லறையில் தொடங்கிப் பிறந்த ஊரில் முடித்தால் எதுவும் மனசில் ஒட்டாது. நட்டாலத்தில் தொடங்குங்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

நட்டாலத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து போவது எளிது. 1712 ஏப்ரல் 23இல் நீலகண்டன், அதாவது பின்னாளைய தேவசகாயம், பிறந்த ஊர் இது. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயில்களைச் சுற்றும் சிவாலய ஓட்டம் முடிவதும் இதே ஊரில்தான். சிவராத்திரியும் தவக்காலமும் பல வருடங்களில் அடுத்தடுத்து வரும். அந்த நாளில் வந்தால் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று ஓடிவரும் கூட்டத்துக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். வாகனத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து விடுவது நல்லது. இந்த மாவட்டத்தில் விசுவாசம் என்பது எப்போதுமே அடுத்த வீட்டுக்காரரின் விசுவாசத்தோடு தோள் உரசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்தது புலியூர்க்குறிச்சி. எண்ட் டு எண்ட் பஸ்ஸில் ஏறினால் இங்கே நிற்காது. சாதாரண பஸ்ஸில் வாருங்கள், அல்லது தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். காவலர்கள் இழுத்துச் சென்றபோது தாகத்தில் அவர் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை இங்கேதான். வருகிறவர்கள் தண்ணீர் பிடித்துப் போவது வழக்கம். சிறு குப்பி ஒன்று போதும். வேனில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு லிட்டர் பாட்டிலோடு நின்றால் பின்னால் வருபவருக்கு என்ன மிஞ்சும்?

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய் இங்கே அடங்கியிருக்கிறார். கூரையில்லாத சிற்றாலயம், லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல்லறை. குடும்பத்தில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்து நொடிந்திருந்த நீலகண்டனுக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான் என்பது மரபு. பைபிளில் யோபு ஆகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை இங்கே உட்கார்ந்து வாசியுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. பெருவிளையில் தேவசகாயத்தைக் கட்டிவைத்த வேப்பமரத்தின் நினைவிடம் உண்டு. முதல் நாள் அதோடு முடியும்.

இரண்டாம் நாள் காலையில் எல்லாரும் அவர் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்கு நேரே போய்விடுகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, காவல்கிணறு பக்கம் இருக்கும் வடக்கன்குளத்துக்கு முதலில் போக வேண்டும். மாவட்ட எல்லைக்கு வெளியே, திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதால் வேன் வாடகை கொஞ்சம் கூடும். அதனாலேயே இதை விட்டுவிடுகிறார்கள். தேதிப்படி பார்த்தால் இது முதல் நாளே வர வேண்டிய இடம். வழியை உத்தேசித்துத்தான் இரண்டாம் நாளில் வைக்கிறோம்.

1745 மே 14இல் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அவர் திருமுழுக்குப் பெற்றது இங்கேதான். அப்போது வைத்த பெயர் லாசர். அதன் பொருளே தேவசகாயம். அதன் பிறகு அவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியது அரண்மனை வட்டத்தில் பெரிய குற்றமாகப் பேசப்பட்டது. அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு கூடங்கள், இரண்டும் பீடத்தில் வந்து சேரும். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானோர் மறுபக்கம். பலிபீடம் ஒன்று, பார்க்கும் முகங்கள் மட்டும் ஒன்றையொன்று சந்திக்காது. நடுவிலிருந்த தடுப்பை 1910இல்தான் இடித்தார்கள். இன்றைய உலகில் விசுவாசத்துக்குச் சவால் செல்போன் என்றும் நாத்திகம் என்றும் பிரசங்கத்தில் கேட்கிறோம். "ஆர்.சி." (ரோமன் கத்தோலிக்கர்) என்று தொடங்கி அடுத்த சொல்லாகச் சாதியைப் போடும் மணமகன் தேவை விளம்பரத்தைப் பற்றி அவ்வளவு கேட்பதில்லை.

காற்றாடிமலைக்கு வெயில் ஏறும் முன் போய்ச் சேருங்கள். பத்து மணிக்கு மேல் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. பெயரே சொல்வதுபோல் காற்று சும்மா விடாது. பக்கத்து முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் இந்தக் கணவாய்தான். ஆனி, ஆடியில் திறந்த வெளியில் மெழுகுதிரி நிற்காது. ஒருவர் சேலை முந்தானையால் மறைக்க, இன்னொருவர் ஏற்றுவார். காற்று திரும்பினால் முந்தானையில் தீ பிடிக்கும். கண்ணாடிக் குவளைத் திரி கொண்டு போங்கள்.

1752 ஜனவரி 14 இரவு அவரைச் சுட்டுக் கொன்ற இடம் இது. அந்த நேரத்தில் பாறை ஒன்று மணிபோல் ஒலித்து விழுந்ததாக மரபு. மணியடிச்சான் பாறையை இன்றும் தட்டிப் பார்க்கிறார்கள். கைக்கடக்கமான கல்லால் லேசாகத் தட்டி உடனே கையை எடுத்துவிட வேண்டும். கல்லை அழுத்திப் பிடித்தால் ஒலி செத்துவிடும். மண்ணில் முழுக்கப் பதிந்த பாறை ஒலிக்காது. சில முனைகளில் மட்டும் தாங்கி நிற்கும் பாறைதான் அதிரும். பலங்கொண்டு அடித்தால் பாறைதான் சில்லு சில்லாகப் பெயரும்.

மாலைத் திருப்பலியைக் கோட்டாற்றில் வைத்துக்கொள்ளலாம். நற்கருணை வாங்குபவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் இந்தத் தடை இல்லை. சர்க்கரை நோயாளிகளை நாள் முழுக்கப் பட்டினி போட்டுவிட்டுக் கல்லறை முன் மயங்க விடாதீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழா. அப்போது கல்லறை அருகே அமைதியாக ஐந்து நிமிடம் நிற்பது கஷ்டம்.

ஊருக்குக் கொண்டுபோகச் செப அட்டை வாங்கினால் பெயரை ஒருமுறை பாருங்கள். 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பே ரோம் 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை நீக்கிவிட்டது. பழைய அட்டைகளில் அது இன்னும் இருக்கும்.