பதினைந்து முக்காலி, மூன்று பேர்

2025 ஆகஸ்ட் 2, சனி

இன்று எங்கள் மரவேலைப் பட்டறைக்கு வந்தது மூன்று பேர். நான், ஜூரோங் அண்ணன், உட்லண்ட்ஸ் தம்பி (அவரவர் பேட்டைப் பெயரில்தான் எழுதுகிறேன்). சுவரோரமாகப் பதினைந்து முக்காலிகள் கிடக்கின்றன. எங்களிடம் யார் சேர்ந்தாலும் முதலில் செய்து பழகுவது முக்காலிதான் (மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, நான்காவது கால் வந்தால்தான் வம்பு), செய்தவர்கள் அதை இங்கேயே விட்டுவிட்டார்கள், இப்போது ஆளுக்கு ஐந்து முக்காலி என்று உட்காரலாம்.

வாடகை மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பதினைந்து பேர் இருந்தபோது தலைக்கு 60. இப்போது பணம் தருவது ஆறு பேர், தலைக்கு 150, அதிலும் மூன்று பேர் பணம் அனுப்புவதோடு சரி. ஒப்பந்தம் அக்டோபர் கடைசியில் முடிகிறது. ஜூரோங் அண்ணன் பால் விடாத கோப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டே "விட்டுடலாம்பா" என்றார், நான் பதில் சொல்லவில்லை.

காரணம் எல்லோருக்கும் இருக்கிறது. ஈசூன் தம்பி தேசிய சேவையில் (கட்டாய ராணுவ சேவை). செங்காங் சாரின் மகளுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), அந்த வீட்டில் இப்போது மூச்சு விடவே அனுமதி வாங்க வேண்டும். ஒருவருக்கு வேலை அனுமதி நீட்டிக்கப்படவில்லை, சென்னைக்கே போய்விட்டார். பிடோக் பெரியவருக்கு முழங்கால். ஒருவர் ஜோகூரில் வீடு வாங்கி அங்கே சொந்தப் பட்டறை போட்டுவிட்டார் (பொறாமைதான், மறைப்பானேன்). எல்லாம் நியாயமான காரணம். ஆனால் 2021இலும் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது, பெரியவருக்கு அப்போதும் முழங்கால் வலிதான், லிஃப்ட் நிற்காத தளத்திலிருந்து படியில் இறங்கி நொண்டிக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

தேசிய தினம். பட்டறையில் நான் மட்டும். தலைக்கு மேல் போர் விமானங்கள் போன சத்தத்தில் உளி தீட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஆரம்பித்தது 2020இல், கொரோனாவுக்காக ஏப்ரல் 7 முதல் எல்லாவற்றையும் மூடினார்களே, அப்போது. வீட்டில் அடைந்து கிடந்த நாலைந்து பேர் போனில் பேசிக்கொண்டோம். மரம் வாங்க வழியில்லை, கடைகளுக்கு வெளியே கிடந்த பழைய பேலட்டுகள்தான் (சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள்) கதி. கேட்டு எடுத்து வருவோம். அப்போது நான் எல்லோரிடமும் ஓயாமல் சொன்னது முத்திரையைப் பார் என்பதுதான். எச்டி என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம், நடுமரம் வரைக்கும் 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருப்பார்கள், பயமில்லை. எம்பி என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடாதே.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? புதுப்பிப்பு வேலைக்கே ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது, மற்ற நாளில் ஆறு மணிக்கு மேல் கூடாது. நடைபாதையில் பலகை சாய்த்தால் 1.2 மீட்டர் வழி விட்டாயா என்று கேள்வி வரும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டருக்குள் (குண்டுவீச்சுக்கான காப்பறை) அரிசி மூட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் ரம்பத்தைச் செருகி வைத்தோம். மனைவி துணி காயப்போடும் நேரம் பார்த்து உப்புத்தாள் தேய்த்து நான் வாங்கிய திட்டு இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும். இடம் என்று பார்த்தால் அன்றைக்குத்தான் ஒன்றுமே இல்லை. அப்புறம் கட்டுப்பாடுகள் தளர்ந்து, திரும்ப இறுகி (2021 மே மாதம் இரண்டு பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள்), கடைசியில் இந்த இடத்தைப் பிடித்தோம். ஆள் குறைந்தது இடம் கிடைத்த பிறகு.

மதியம் வேலை ஓடவில்லை. போனில் எங்கள் குழுவின் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். 2020 ஜூலையில் ஒரே வாரத்தில் முப்பதுக்கு மேல் கேள்விகள். "ஏன் பசை ஒட்டவே இல்லை", "யாராவது வாங்களேன், கதவு மூட மாட்டேங்குது", "இது என்ன மரம், மோந்து பாத்தா புளிக்குது". இந்த வருடம் ஜூனில் பதினொரு படங்கள், எல்லாம் எண்ணெய் பூசி, வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்து எடுத்தவை. கீழே கட்டைவிரல்கள். ஒரு கேள்வி கூட இல்லை. பதினொன்றில் ஆறு நான் போட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உட்லண்ட்ஸ் தம்பி ஒருவரைக் கூட்டி வந்தான். கட்டுமானத்தில் சென்ட்ரிங் வேலை பார்ப்பவர், அறந்தாங்கிப் பக்கம், தாத்தா ஆசாரி. வாரம் ஆறு நாளும் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிறவர் ஏழாவது நாள் மரத்தைப் பார்க்க வருவாரா என்று நினைத்தேன், வந்துவிட்டார். தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு பையோடு நேராக இங்கே. (சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களில் பலரும் கேட்பதுபோல இவரும் "தேக்கு மரம் இருந்ததாலதான் தேக்காவாண்ணே?" என்றார். இல்லை, ஹொக்கியன் பேச்சில் மூங்கிலடி என்று பொருள், சீனர் வைத்த பெயர் நம் வாயில் தமிழாகிவிட்டது.)

என் மேசையில் தூங்குமூஞ்சி மரப்பலகை கிடந்தது. இந்த ஊர்ச் சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்கிற மரம்தான், பார்க்கச் சாது, அறுத்தால் ராட்சசன். ரேகை ஒரு அடுக்கு இப்படி ஓடினால் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் ஓடும், எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் எங்காவது பிய்த்துக்கொண்டு வரும். அவர் விரலால் தடவிப் பார்த்தார். "இழைப்புளியச் சாச்சுப் புடிச்சா கொஞ்சம் அடங்கும்ணே. அடங்காத இடத்த சொரண்டித்தான் எடுக்கணும்." குப்பையில் கிடந்த பழைய ரம்பத் தகடு ஒன்றை எடுத்து, ஓரத்தை அரத்தில் நேராக்கி, இரும்புக் கம்பியால் அழுத்தி விளிம்பை மடக்கி, இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பிடித்து இழுத்தார். வெங்காயச் சருகு மாதிரி சுருள் வந்தது. நான் 80 வெள்ளி கொடுத்து வாங்கிய சுரண்டுத் தகடுகள் இழுப்பறையில் பிரிக்காமலே இருக்கின்றன, அதை அவரிடம் சொல்லவில்லை.

போகும்போது அலமாரியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். டவ்டெயில் (புறாவால் மூட்டு) போட்ட பெட்டிகள், ஒன்பதோ பத்தோ.

"இதெல்லாம் எந்த வீட்டுக்குண்ணே?"

"எந்த வீட்டுக்கும் இல்ல தம்பி, சும்மா செஞ்சு பாத்தது."

"ஓ" என்றார். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு ஓவர்டைம் இருக்கும், வருவது நிச்சயமில்லையாம்.

செப்டம்பர் 6, சனி

இரண்டு பேர். மழை. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 13, சனி

விடியற்காலை இரண்டு மணிக்கு வீட்டில் டமார் என்று ஒரு சத்தம். மனைவி திருடன் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். திருடன் இல்லை. ஜூலையில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிர்சாதன அறையில் போட்டு, படம் போட்டு, நாற்பது கட்டைவிரல் வாங்கிய அந்தத் தூங்குமூஞ்சி மரமேசை நடுவில் பிளந்துவிட்டது. பிளவுக்குள் ஒரு வெள்ளி நாணயம் நிற்கிறது.

ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் கேவலம். இந்த ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பட்டறையில் மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். ராத்திரியெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறைக்குள் வைத்தால் அந்த ஈரத்தை விட்டுச் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதற்கு இடம் விடத்தான் அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்கும்போது திருகாணித் துளையை மேசையின் அகலவாக்கில் நீட்டி வெட்ட வேண்டும். அதை நான் குறைந்தது இருபது பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மேசைக்கு மட்டும், அவசரத்தில், சாதாரணத் துளை போட்டு இறுக்கி முடுக்கிவிட்டேன்.

காலையில் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். யாருக்கும் சொல்வதாக இல்லை. பத்து மணிக்கு என்னவோ தோன்றியது, பிளவை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து, பக்கத்தில் நாணயத்தையும் வைத்து, "துளையை நீட்டி வெட்டவில்லை, என் தப்பு, இதை இனி எப்படிக் காப்பாற்றுவது" என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் குழுவில் பதினொரு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிடோக் பெரியவர் பிளவில் மரத்தூளும் பசையும் அடைக்காதே, நாளைக்கு மரம் உப்பினால் திரும்ப விரியும் என்கிறார். செங்காங் சார் பிளவுக்குக் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவக் கட்டை பதிக்கச் சொல்லி மகளின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து அனுப்பியிருக்கிறார். ஈசூன் தம்பி முகாமிலிருந்து சிரிக்கிற முகம் ஏழு. ஒரு வருடமாக வாய் திறக்காத பொங்கோல் அக்கா ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்:

"அண்ணா, உங்களுக்கும் வெடிக்குமா?"

செப்டம்பர் 14, ஞாயிறு

அந்த வரியோடுதான் தூங்கினேன், தூங்கினேன் என்று சொல்லவும் முடியாது.

2022 நவராத்திரிக்கு முன்னால் பொங்கோல் அக்கா தான் செய்த முதல் கொலுப்படியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். டாக்சியில், மடியில் வைத்துக்கொண்டு. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், ஓரத்தில் நேராகத் திருகாணி இறக்கியது, ப்ளைவுட்டின் அடுக்குகள் ஒரு இடத்தில் உப்பியிருந்தன. எட்டுப் பேர் இருந்தோம். நான் சுற்றிப் பார்த்துவிட்டு "படியா, கப்பல்ல வந்த பெட்டியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்புறம் மூன்று வாரம் வந்தார், எதையும் கொண்டுவராமல் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார், அதற்கப்புறம் மகனுக்கு டியூஷன் என்று நின்றுவிட்டார். டியூஷன்தான் காரணம் என்று நானும் மூன்று வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னும் யார் யாரிடம் இப்படிச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர் உடனே நினைவுக்கு வந்தார்கள். நினைவுக்கு வராதவர்கள் எத்தனையோ.

செப்டம்பர் 27, சனி

பொங்கோல் அக்கா கொலுவுக்கு அழைத்திருந்தார், மனைவியோடு போனேன். ஐந்து படி. எல்லாம் கழற்றி அடுக்கினால் கட்டிலுக்கடியில் போகிற மாதிரி செய்திருக்கிறார், சட்டத்தில் வெட்டுக் கொடுத்துப் பலகையை மேலே உட்கார வைப்பது, திருகாணியே வெளியில் தெரியவில்லை. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் அவர்கள் புளோக் லிஃப்டில் நுழையாதாம், கடையிலேயே கீற்றாக அறுத்து வாங்கி, ஒவ்வொரு கீற்றாக எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்தாராம். ஒவ்வொரு படியாகச் சேர்த்தது. எங்களில் ஒருவருக்கும் காட்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை வேட்டிக்குக் கீழே அந்தக் கப்பல் பெட்டி. செட்டியாரும் அவர் மனைவியும் அதன்மேல் அரிசி, பருப்புப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மூலை லேசாக ஆடியது, அடியில் அட்டையை மடித்துச் சொருகியிருந்தார். கை பரபரத்தது. சுண்டல் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கப்பல் பெட்டி இன்னும் நிக்குதுண்ணா" என்றார், அவராகவே. நான் "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "சுண்டல் இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றார்.

புதன்கிழமை ஆயுத பூசைக்குப் பட்டறைக்கு வாங்க என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அக்டோபர் 1, புதன்

வேலை முடிந்து ஏழு மணிக்குக் கூடினோம். ஆறு பேர். பிடோக் பெரியவரை ஜூரோங் அண்ணன் காரில் கூட்டி வந்தார். உளி, ரம்பம், இழைப்புளி, ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், மூலைமட்டம், அளவுநாடா எல்லாவற்றையும் துடைத்து ஒரே மேசையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். இடத்தை மாதக் கடைசியில் ஒப்படைப்பதாக உரிமையாளரிடம் சொல்லியாகிவிட்டது. சாமான்களை யார் யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் பங்குக்குப் பாம் ஷெல்டரில் இரண்டு அடி அகலம், மனைவி ஒப்புக்கொண்டது.

பொங்கோல் அக்கா எட்டு மணிக்கு ஒரு அலமாரிச் சட்டத்தோடு வந்தார், மகனும் கூட. வீட்டில் இடமில்லை, இங்கே ஒட்டிக்கொள்கிறேன் என்று மூலையில் போய், நாங்கள் பொரி தின்றுகொண்டிருக்கும்போதே நான்கு மூலையிலும் பசையைத் தடவிச் சேர்த்துவிட்டு, "அண்ணா, கிளாம்ப் எங்க?" என்றார்.

கிளாம்ப் பூசையில் இருக்கிறது. இன்றைக்கு எடுக்கக் கூடாது. பசைக்கோ பத்து நிமிடம்தான் பொறுமை.

பெரியவர் பொட்டு வைத்தாயிற்று, நாளைக்கு மறுபூசை முடித்துத்தான் தொட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பசை புட்டிக்குப் பொட்டு வைக்கவில்லையே என்று உட்லண்ட்ஸ் தம்பி வாதாடினான். ஜூரோங் அண்ணன் பொரி மூட்டை கட்டி வந்த நைலான் கயிற்றைச் சட்டத்தைச் சுற்றி இரண்டு வளையம் கட்டி, நடுவில் ஒரு முக்காலியின் காலை உருவிச் சொருகி முறுக்க ஆரம்பித்தார். யார் செய்த முக்காலி என்று பார்த்தேன், என்னுடையது. கால் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அளவுநாடாவும் பூசையில். அக்கா பூ கட்டிய நூலை எடுத்து ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்தார், அப்படியே அந்த நூலை அடுத்த மூலைவிட்டத்தில் வைத்தார். ஒரு விரற்கடை மிஞ்சியது.

"தப்பா இருக்காண்ணா?"

"ஆமாம்மா, இருக்கு. அந்த மூலையை நீங்க அமுக்குங்க, இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்."