பாட்டி சொன்ன தை மாதம்

மகாராஷ்டிரா போர்டில் பத்தாம் வகுப்பு வரலாற்றுக்கு 28 மார்க். அரசியல் விஞ்ஞானத்துக்கு இன்னொரு 12. இரண்டும் சேர்ந்து ஒரே தாள். கணக்கு டியூஷனுக்கு ஓடுகிற பிள்ளைகளிடம் இந்த இருபத்தெட்டுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மும்பையில், குடிசைகள் நிறைந்த தாராவிப் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிக் குடும்பங்கள். மீதிப் பேர் வீட்டில் மராத்தியோ உருதுவோ பேசுகிறவர்கள்.

2018-இல் வந்த பாடப்புத்தகம் உண்மையிலேயே நல்ல புத்தகம். அரசர் வரிசையை ஓரம் கட்டிவிட்டு, வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்றே தொடங்குகிறது. வரலாற்றை எப்படி எழுதுவது என்று யோசித்த ஐரோப்பியர்கள் வால்டேர், ராங்கே, மார்க்ஸ், ஃபூக்கோ எல்லாரும் முதல் பாடத்திலேயே வந்துவிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஃபூக்கோ! யார் யோசனையோ, துணிச்சல்தான். பரீட்சையில் மட்டும் அது நான்கு பெயரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாகச் சுருங்கிவிடும்.

ஆனால் சான்று என்றால் என்ன என்பதைத் தாராவிப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டாம். குடிசைகளை எடுத்துவிட்டுப் புது வீடு கட்டும் மறுசீரமைப்பில் இலவச வீடு வேண்டுமென்றால், 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். கரண்ட் பில், வாக்காளர் பட்டியல், 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்த பிறகு அரசாங்கம் கொடுத்த, படம் ஒட்டிய அடையாள அட்டையான போட்டோ பாஸ் என்று எல்லாம் அம்மாவின் பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும். "ஜெராக்ஸ் காட்டினா ஒரிஜினல் எங்கேன்னு கேட்பாங்க டீச்சர்" என்றாள் ஒரு பெண். மூல ஆவணத்தைத்தான் நம்ப வேண்டும் என்ற ராங்கே கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பஸ் டிப்போ பக்கத்தில் இருக்கும் காலா கில்லா கோட்டையை சிவாஜி மகாராஜ் கட்டினார் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். பம்பாயின் ஆங்கிலேய கவர்னர் ஜான் ஹோர்ன் உத்தரவில் 1737-இல் கட்டியது என்று அங்கே கல்லே சொல்கிறது. சிவாஜி மறைந்தது 1680. பம்பாயை அடுத்த சாஷ்டி தீவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடிக்க மராட்டியப் படை இறங்கியதும் அதே 1737-இல்தான் என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. அப்போ பீரங்கி யாரைப் பார்த்து வைத்தது என்று ஒருவன் கேட்டான். அதை வைத்தே ஒரு பீரியட் போனது.

வீட்டில் யார், எப்போது பம்பாய்க்கு வந்தார்கள், அது எப்படித் தெரியும் என்று எழுதிவரச் சொன்னேன். ஒரு பையனின் பாட்டி, "எம்.ஜி.ஆரைச் சுட்டாங்கள்ல, அதுக்கு அடுத்த தையில வந்தோம்" என்றிருக்கிறார். வீட்டில் இருக்கும் பழைய காகிதமோ போட்டோ பாஸ்தான். எதை எடுத்துக்கொள்வது? பாஸில் இருப்பது அரசாங்கம் அவர்களைப் பார்த்த தேதி, அவர்கள் வந்த தேதி இல்லை என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு மராத்திப் பெண் சொன்னாள். நான் சொல்ல நினைத்திருந்ததும் அதுதான். "பாட்டிக்குத் தன் வயசே சரியாத் தெரியாது" என்று பேரனே மறுத்தான்.

சரி, பாட்டி சொன்னதையே பிரித்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. அன்று மார்கழி இன்னும் முடியவில்லை. தை பிறந்ததே இரண்டு நாள் கழித்துத்தான். அடுத்த தை என்றால் அந்த வாரமா, ஒரு வருஷம் கழித்தா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. அவரிடமே மறுபடி கேட்டு வா, 'எந்த வருஷம்' என்று மட்டும் கேட்காதே, ஊரில் கடைசியாகப் பார்த்தது என்ன என்று கேள் என்று அனுப்பினேன். வாய்மொழிச் சான்றில் கேள்விதான் பாதி வேலை. நேராக வருஷத்தைக் கேட்டால், கேட்பவருக்குப் பிடித்த வருஷம்தான் பதிலாக வரும்.

மறுநாள் பதில் வந்தது. எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கிற போஸ்டர் ஊர் முழுக்க ஒட்டியிருந்ததாம், தேர்தல் முடிந்து அண்ணா முதல்வரானபோதும் ஊரில்தான் இருந்தாராம். தேர்தல் 1967 பிப்ரவரியில் நடந்தது. ஆக, 1968 தை. பையன் போர்டில் எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பாட்டி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வீட்டைக் கணக்கெடுக்க வந்தவங்ககூட இவ்வளவு துருவிக் கேட்கலையே, உங்க டீச்சர் வீடு தரப்போறாங்களான்னு கேட்டாங்க."