தம்பிக்காக உயிர் தாங்கியவர்

பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில் இருக்கிறது திருவதிகை வீரட்டானம். சிவன் திரிபுரம் எரித்த தலம், அவர் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று. அப்பர் பெருமானுக்குச் சூலை நோய் தீர்ந்த இடம் என்பதால் நோய் தீர வேண்டி வருபவர்கள் அதிகம். நான் சித்தியை அழைத்துப் போனது அப்பரின் அக்கா திலகவதியாருக்காக. சித்தப்பா போனதிலிருந்து சித்தி வாசலைத் தாண்டவில்லை. "இனிமே எனக்கு என்ன இருக்கு" என்பதுதான் ஒரே பேச்சு.

மூலவர் பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கம். தீபாராதனையின்போது பட்டைகளின் விளிம்பில் வெளிச்சம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்புறம் திலகவதியார் சன்னதி.

அங்கே உட்கார்ந்து சித்திக்கு அவர் கதையைச் சொன்னேன். அப்பா, அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்தது. இனி வாழ்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார் அந்தப் பெண். அப்போது தம்பி மருணீக்கியார், பின்னாளில் அப்பர் ஆனவர், காலில் விழுந்து அழுதார். அம்மா அப்பா போன பிறகும் உங்களைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறேன், நீங்கள் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன் என்றார். தம்பி இருக்க வேண்டும் என்பதற்காக அக்கா உயிர் தாங்கினார் என்கிறார் சேக்கிழார்.

அந்தச் சிறுவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, விதி என்று விளக்கவும் இல்லை. நீ எனக்கு வேண்டும் என்றான், அவ்வளவுதான். மனம் உடைந்தவரிடம் நாம் சொல்லத் தவறுவது பெரும்பாலும் இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. கேட்டதும் அக்காவின் துக்கம் தீர்ந்துவிடவில்லை. இருப்பது என்று அவர் முடிவெடுத்தார். பிறகு இந்தக் கோயிலுக்கு வந்து அலகு, அதாவது துடைப்பம் பிடித்தார். பெருக்கினார், மெழுகினார், பூத் தொடுத்தார்.

அந்தத் தம்பிதான் பின்னாளில் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை வயிற்றைப் புரட்டியபோது அக்காவுக்கு ஆள் அனுப்பினார். சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார் அக்கா. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் இரவோடு இரவாக இவரே திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் அலகும் மெழுகச் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியவர், தம்பியையும் கூட்டிப் போனார். அக்கா அன்று உயிரை விட்டிருந்தால் தேவாரத்தில் அப்பர் பதிகம் ஒன்றுகூட இருந்திருக்காது.

சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தினமும் பெருக்கினாங்களா?" என்று கேட்டார்.

"தினமும்தான் சித்தி."

பிராகாரத்தில் உழவாரப் பணிக்கு வந்த சிலர் கல் இடுக்கில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி நேரே அவர்களிடம் போய், வயசானவங்களைச் சேர்த்துக்குவீங்களா என்று விசாரித்தார். யாரும் வரலாம் என்றார்கள். அடுத்த பணி எந்தக் கோயிலில் என்று கேட்டு, என் போனில் குறித்துக்கொள்ளச் சொன்னார்.